தேனீயும் சூரியகாந்தியும்: ஒப்பிடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒரு பூச்சி, ஒரு பூக்கும் தாவரம். இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிடச் சொன்னால், "ஒன்று பறக்கும், மற்றொன்று பறக்காது" என்ற அளவில் பலரும் நின்றுவிடுகிறார்கள். இங்கே எடுத்துக்கொண்டிருப்பவை மேற்கத்தியத் தேனீயும் (ஏபிஸ் மெல்லிஃபெரா) சூரியகாந்தியும் (ஹீலியாந்தஸ் ஆனுவஸ்). மாணவர்களும் ஆசிரியர்களும் தோட்டம் வைத்திருப்போரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு விடைகள் கீழே உள்ளன.

எத்தனையோ இணைகள் இருக்க, ஏன் இந்த இரண்டு?

இரண்டும் எளிதில் கைக்குக் கிடைப்பவை, நெடுங்காலமாக ஆராயப்பட்டவை. தேனீயின் மரபுத்தொகுதி (அதன் டி.என்.ஏ. முழுவதன் எழுத்து வரிசை) 2006-லும் சூரியகாந்தியுடையது 2017-லும் வெளியாகின. எனவே ஊகத்தை விட்டுவிட்டு எண்களை வைத்தே பேசலாம். ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் சூரியகாந்திக்கு 1753-லும் தேனீக்கு 1758-லும் அறிவியல் பெயர் இட்டார். சூரியகாந்தி ஆஸ்டரேசி குடும்பத்தைச் சேர்ந்தது. தேனீ ஏபிடே குடும்பம். எறும்பும் குளவியும் அடங்கிய ஹைமனாப்டிரா வரிசையில் வருகிறது.

ஒப்பீட்டை எங்கிருந்து தொடங்குவது?

வேலையிலிருந்து தொடங்குங்கள், உறுப்பிலிருந்து அல்ல. "தேனீக்குக் கால் உண்டு, செடிக்கு வேர் உண்டு" என்று எழுதினால் எதுவும் விளங்காது. கால் நகர்வதற்கானது, வேர் நீரை உறிஞ்சவும் செடியை ஊன்றி நிறுத்தவும் இருப்பது. "நீரிழப்பை இது எப்படித் தடுக்கிறது, அது எப்படித் தடுக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள், இரண்டு பக்கமும் சொல்வதற்கு நிறைய இருக்கும்.

ஒற்றுமை ஒன்று கண்ணில் பட்டால் அது எந்த வகை என்றும் பாருங்கள். பொது மூதாதையிடமிருந்து வந்ததா? ஒரே சிக்கலுக்குத் தனித்தனியே கண்ட தீர்வா? ஒன்று மற்றொன்றைச் சார்ந்திருப்பதால் உண்டானதா? இந்த மூன்றையும் கலந்துவிடுவதே ஒப்பீடுகளில் நடக்கும் முதல் பிழை.

பொது மூதாதையிடமிருந்து வந்த ஒற்றுமைகள் எவை?

செல்லுக்குள் இருப்பவைதான். உட்கரு, மைட்டோகாண்ட்ரியா, ரைபோசோம், டி.என்.ஏ., ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. ஆகியவை இரண்டிலும் உண்டு. உட்கருவின் மரபுக் குறியீடும் ஒன்றுதான்: தேனீயின் மரபணு எந்த மூன்றெழுத்தை எந்த அமினோ அமிலமாக வாசிக்கிறதோ, அப்படியே சூரியகாந்தியும் வாசிக்கிறது. இவற்றின் பொது மூதாதை 150 கோடி ஆண்டுகளுக்கும் முன் வாழ்ந்த ஒற்றைச் செல் உயிர். பல செல்களால் ஆன உடலை இரண்டு மரபுகளும் பிற்பாடு தனித்தனியாகவே அமைத்துக்கொண்டன. ஆகவே திசு, உறுப்பு என்ற அளவில் தெரியும் ஒற்றுமை எதையும் "ஒரே மூலத்திலிருந்து வந்தது" என்று எழுதிவிடாதீர்கள்.

மரபுத்தொகுதி பெரிதாக இருந்தால் உயிரினம் சிக்கலானது என்று பொருளா?

இல்லை. தேனீயின் மரபுத்தொகுதி ஏறத்தாழ 23.6 கோடி எழுத்திணைகள் (டி.என்.ஏ. எழுத்துகளின் இணைகள்). சூரியகாந்தியுடையது சுமார் 360 கோடி, அதாவது 15 மடங்கு. ஆனால் அதில் முக்கால் பங்குக்கு மேல், தம்மைத் தாமே படியெடுத்து இடம்மாறிப் பெருகிய திரும்புதொடர்கள். புரத மரபணுக்களை எண்ணினால் தேனீக்குச் சுமார் 15,000, சூரியகாந்திக்குச் சுமார் 52,000. குரோமோசோம்கள் பெண் தேனீயின் செல்லில் 32, சூரியகாந்தியின் செல்லில் 34. இந்த இரண்டு எண்களும் நெருங்கி நிற்பது தற்செயல்.

அடிப்படை வேறுபாடு எது?

கார்பன் எங்கிருந்து வருகிறது என்பது. சூரியகாந்தி காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடிலிருந்து தானே சர்க்கரை செய்கிறது. தேனீயோ பிறர் செய்த சர்க்கரையைத் தேடிப் போகவேண்டும். மற்ற வேறுபாடுகளில் பெரும்பாலானவை இதிலிருந்து கிளைப்பவை. உணவு வானத்திலிருந்து ஒளியாக வந்து விழுகிறது என்றால், நின்ற இடத்தில் விரிந்து நின்றாலே போதும். அதற்குக் கெட்டியான செல்சுவர் வசதி. உணவு சிதறிக் கிடக்கிறது என்றால் தசை வேண்டும், கண் வேண்டும், சுமார் பத்து லட்சம் நரம்பு செல்கள் கொண்ட மூளை வேண்டும். சுவர் கட்டிய செல்லால் தசையாகச் சுருங்க முடியாது.

சுவரின் வேதியியலையும் பாருங்கள். செடியின் செல்சுவர் செல்லுலோஸ். பூச்சியின் புறக்கூடு கைட்டின். இரண்டும் குளுக்கோஸ் வகை மூலக்கூறுகளைப் பீட்டா 1–4 பிணைப்பில் நீளக் கோத்த சங்கிலிகள்தான். கைட்டினில் ஒவ்வொரு கண்ணியிலும் நைட்ரஜன் உள்ள ஒரு பக்கத்தொகுதி கூடுதலாக ஒட்டியிருக்கும். நைட்ரஜன் தட்டுப்பாட்டிலேயே வளரும் செடி, தன் உடலின் பெரும்பகுதியை நைட்ரஜன் இல்லாத பொருளால் கட்டுவது சிக்கனம்.

தேனீ சுவாசிக்கிறது, செடி ஒளிச்சேர்க்கை செய்கிறது என்று எழுதலாமா?

கூடாது. மிகப் பரவலான தவறு இது. சூரியகாந்தியும் இரவும் பகலும் சுவாசிக்கிறது. அதன் வேருக்கும் ஆக்சிஜன் வேண்டும். நீர் தேங்கிய மண்ணில் செடி வாடி நிற்பதற்கு வேர் மூச்சுத்திணறுவதே காரணம். ஒளிச்சேர்க்கை என்பது சுவாசத்துக்கு மாற்று அல்ல, அதற்கு மேல் செடி செய்யும் கூடுதல் வேலை.

காற்று நுழையும் வாசலை ஒப்பிடும்போதுதான் விஷயம் சுவைக்கிறது. இரண்டு உயிர்களும் மெழுகுப் பூச்சால் உடலை மூடி நீரைக் காத்துக்கொள்கின்றன. மெழுகு நீரை மட்டுமல்லாமல் காற்றையும் தடுக்கும் என்பதால், திறந்து மூடக்கூடிய சிறு துளைகளை இரண்டுமே வைத்திருக்கின்றன. தேனீயின் பக்கவாட்டில் 10 ஜோடிச் சுவாசத்துளைகள் உள்ளன. சூரியகாந்தி இலையின் மேற்புறம், கீழ்ப்புறம் இரண்டிலும் இலைத்துளைகள் உள்ளன. துளையின் இருபுறமும் உள்ள இரண்டு காப்புச் செல்கள் நீரேறிப் புடைக்கும்போது துளை திறக்கிறது. இங்கே பொது மூதாதைக்கு வேலை இல்லை. உலர்ந்த காற்றில் வாழ நேர்ந்த இரண்டு மரபுகள் தனித்தனியே அடைந்த தீர்வு இது.

ஆனால் துளைகளை ஆளும் விதி நேர் எதிரானது. உடலுக்குள் கார்பன் டைஆக்சைடு கூடினால் தேனீயின் துளை திறக்கும், ஏனெனில் அதற்கு அது கழிவு. இலைக்குள் அதே வாயு கூடினால் இலைத்துளை மூடும், ஏனெனில் செடிக்கு அது மூலப்பொருள். போதுமான அளவு உள்ளே வந்துவிட்டால் மேற்கொண்டு நீரை இழக்க வேண்டியதில்லை.

இரத்தத்துக்கு ஈடாகச் செடியில் என்ன இருக்கிறது?

ஒன்றல்ல, இரண்டு குழாய்த் தொகுதிகள். சைலம் நீரையும் தாதுக்களையும் மேலே ஏற்றுகிறது. புளோயம் சர்க்கரையை வேண்டிய இடத்துக்குக் கொண்டு சேர்க்கிறது. தேனீக்கு முதுகுப்புறம் ஒரு நீண்ட இதயக்குழாய் உண்டு. அது தள்ளும் ஹீமோலிம்ஃப் என்னும் உடல்திரவம் திறந்த உடற்குழியில் உறுப்புகளை நனைத்துக்கொண்டு சுற்றும். ஆக்சிஜனை எடுத்துச் செல்வது அதன் வேலை அல்ல, அதை மூச்சுக்குழல்கள் திசுவரை நேராகக் கொண்டுபோய்விடும். எனவே பூச்சியின் "இரத்தத்தை" நம்முடையதோடு ஒப்பிடுவதைவிடப் புளோயச் சாற்றோடு ஒப்பிடுவது பொருத்தம்: புளோயத்தில் ஓடுவது சுக்ரோஸ், ஹீமோலிம்ஃபில் இருப்பது டிரெஹலோஸ், குளுக்கோஸ் முதலிய சர்க்கரைகள். சுக்ரோஸ், டிரெஹலோஸ் இரண்டும் எளிதில் வினைபுரியாத இரட்டைச் சர்க்கரைகள், பயணத்துக்கு ஏற்றவை.

வளர்ச்சியும் ஆயுளும் எப்படி வேறுபடுகின்றன?

வேலைக்காரத் தேனீ முட்டையிலிருந்து 21 நாளில் வெளிவரும். ராணிக்கு 16 நாள், ஆணுக்கு 24 நாள். முட்டைப்பருவம் மூவருக்கும் 3 நாளே. புழு, கூட்டுப்புழு, முதிர்தேனீ என்று உருமாறியபின் வளர்ச்சி முடிந்தது; சிறிய தேனீ நாளடைவில் பெரிய தேனீ ஆகாது. சூரியகாந்தியோ நுனியில் உள்ள ஆக்குத்திசுவால் (புதிய செல்களை உண்டாக்கும் திசு) இலைக்குமேல் இலையாகச் சேர்த்துக்கொண்டே போய், அந்த நுனியே பூத்தட்டாக மாறும்போது நிற்கிறது. பொதுவாக விதைத்த 90 முதல் 110 நாளில் முதிர்ந்துவிடும். இரகமும் வெப்பமும் இதை முன்பின் ஆக்கும்.

கோடையில் உழைக்கும் வேலைக்காரத் தேனீ ஐந்தாறு வாரம்தான் இருக்கும். குளிர்காலத்தில் கூட்டுக்குள் அடைந்திருப்பது பல மாதம் இருக்கும். ராணிக்குச் சில ஆண்டுகள். எனவே "தேனீயின் ஆயுள்" என்று ஒரே எண்ணை அட்டவணையில் போட்டால் அது தவறாகவே இருக்கும்.

செடிக்கு மூளை இல்லை. பிறகு சூரியகாந்தி சூரியனை எப்படித் தொடர்கிறது?

முதலில் ஒரு திருத்தம். விரிந்த பூ சூரியனைத் தொடர்வதில்லை. இளஞ்செடியும் மொட்டும்தான் காலையில் கிழக்கும் மாலையில் மேற்கும் திரும்புகின்றன. தண்டின் நீட்சி நின்றதும் திரும்புவதும் நின்றுவிடும். முதிர்ந்த பூத்தட்டு கிழக்கு நோக்கியே இருக்கும்.

இதன் வழிமுறை 2016-இல் விரிவாக விளக்கப்பட்டது. பகலில் தண்டின் கிழக்குப் பக்கம் கூடுதலாக நீள்கிறது, தலை மேற்கே சாய்கிறது. இரவில் மேற்குப் பக்கம் நீள்கிறது, தலை மறுபடி கிழக்குக்கு வருகிறது. இரவில் ஒளியே இல்லாதபோதும் திரும்புவதுதான் இதில் முக்கியம். செடிக்குள் ஏறத்தாழ 24 மணி நேர உயிர்க்கடிகாரம் ஓடுகிறது என்பதற்கு அது சான்று. கிழக்கு நோக்கிய தட்டு காலையில் விரைவில் சூடேறுகிறது. அதே ஆய்வில், மேற்கு நோக்கித் திருப்பி வைத்த பூக்களைவிட அவற்றுக்கு ஐந்து மடங்கு வரை அதிகப் பூச்சிகள் வந்தன.

தேனீக்கும் அதே கடிகாரச் சிக்கல் உண்டு. உணவு இருக்கும் திசையைச் சூரியன் இருக்கும் திசையோடு ஒப்பிட்டு, அந்தக் கோணத்தைக் கூட்டுக்குள் ஆடிக் காட்டுகிறது. செங்குத்தான அடையில் "நேர் மேல்" என்பது சூரியனின் திசை. இருட்டான கூட்டுக்குள் நெடுநேரம் ஆடும் தேனீ, வெளியே சூரியன் நகர்ந்த அளவுக்குத் தன் கோணத்தையும் திருத்திக்கொள்கிறது. இந்த ஆட்டத்தின் பொருளைக் கண்டறிந்த கார்ல் ஃபான் ஃபிரிஷ் 1973-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சூரியனைக் காணாமலே அது இருக்கும் இடத்தைக் கணக்கிடும் இந்தத் திறன், ஒன்றில் நரம்பாலும் மற்றொன்றில் தண்டின் சமமற்ற வளர்ச்சியாலும் நிகழ்கிறது. என் கணிப்பில் இந்த ஒப்பீடு முழுவதிலும் அழகான இடம் இதுதான்.

இனப்பெருக்கத்தில் எதோடு எதை ஒப்பிடுவது?

ஆண் தேனீயை மகரந்தத்தூளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆண் தேனீ கருவுறாத முட்டையிலிருந்து பிறக்கிறது. அதன் செல்லில் ஒற்றைத் தொகுதியாக 16 குரோமோசோம்கள்தான். அதற்குத் தந்தை இல்லை, தாய்வழித் தாத்தா உண்டு. மகரந்தத்தூளும் ஒற்றைத் தொகுதி உயிர்தான், 17 குரோமோசோம்கள். அது வெறும் விந்தணு அல்ல. மூன்றே செல் கொண்ட ஒரு முழு ஆண் தலைமுறை. "மகரந்தம் என்பது செடியின் விந்து" என்று எழுதினால் மதிப்பெண் குறையலாம், அறிவும் குறையும். விந்தணுக்கள் அந்தத் தூளுக்குள் இரண்டு இருக்கின்றன. ஒன்று முட்டையோடு சேர்ந்து கரு ஆகிறது. மற்றொன்று மைய செல்லோடு சேர்ந்து கருவூண் (கருவுக்கான உணவுத் திசு) ஆகிறது. இந்த இரட்டைக் கருவுறுதலுக்கு ஈடானது தேனீயில் எதுவும் இல்லை.

நெருங்கிய உறவில் இணைவதற்கான விலை இரண்டிலும் மரபணு அளவில் குறிக்கப்பட்டிருக்கிறது. தேனீயின் பாலைத் தீர்மானிக்கும் மரபணு 2003-இல் கண்டறியப்பட்டது. கருவுற்ற முட்டையில் அதன் இரு பிரதிகளும் வேறுபட்டிருந்தால் பெண். ஒன்றுபோல இருந்தால் இரட்டைத் தொகுதி ஆண். அத்தகைய புழுக்களை வேலைக்காரத் தேனீக்கள் தின்றுவிடும். அடைகளில் இடையிடையே காலி அறைகள் சிதறிக் கிடந்தால் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். காட்டுச் சூரியகாந்தி, தன் மகரந்தம் தன் சூலகமுடியிலேயே (மகரந்தத்தை ஏற்கும் நுனி) விழுந்தால் அடையாளம் கண்டு முளைக்கவிடாது. சாகுபடிக் கலப்பினங்கள் பலவற்றில் இந்தத் தடை தளர்ந்துவிட்டது.

பூத்தட்டு ஒரே பூவா?

இல்லை, சிரமஞ்சரி; அதாவது பல சிறுமலர்கள் நெருங்கி ஒரே பூப்போல் தோன்றும் தொகுதி. விளிம்பில் இதழ்போல் நிற்பவை மலட்டுக் கதிர்ச் சிறுமலர்கள். நடுவில் இருப்பவை தட்டுச் சிறுமலர்கள். பெரிய தட்டில் ஆயிரத்துக்கும் மேல் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு கனி தரும் (நாம் விதை என்று உரிப்பது அந்தக் கனியைத்தான்). விளிம்பிலிருந்து நடுவை நோக்கி நாளுக்குச் சில வட்டங்களாக விரியும். சிறுமலர் விரிந்த முதல் நாள், சூலகத்தண்டு மகரந்தப்பைகள் இணைந்த குழாய்க்குள் மேலேறித் தூளை வெளியே தள்ளும். அடுத்த நாள்தான் சூலகமுடி இரண்டாகப் பிளந்து ஏற்கத் தயாராகும்.

அப்படியானால் தேன்கூட்டையும் பூத்தட்டையும் ஒப்பிடலாமா?

தாராளமாக, எச்சரிக்கையோடு. ஒற்றைத் தேனீ தன் கூட்டம் இல்லாமல் நிலைக்காது. தனிச்சிறுமலர் தட்டு இல்லாமல் கவனிக்கப்படாது. வேலைக்காரத் தேனீ பொதுவாகத் தான் பெருகாமல் உடன்பிறந்தாரை வளர்க்கிறது. கதிர்ச் சிறுமலர் தான் விதை வைக்காமல் மற்றவற்றுக்கு விளம்பரப் பலகை ஆகிறது. ஒப்புமை இங்கே முடிகிறது. தட்டின் சிறுமலர்கள் எல்லாம் ஒரே செடியின் உடல், ஒரே மரபு. ராணியோ பத்துக்கும் மேற்பட்ட ஆண்களோடு இணைந்தவள்; அவள் மகள்களில் பலர் தந்தை வேறானவர்கள். அவர்களுக்குள் நலன் முரண் உண்டு, சிறுமலர்களுக்குள் இல்லை.

தேனீக்கும் நமக்கும் சூரியகாந்தி ஒரேமாதிரி தெரிகிறதா?

தேனீக்குச் சிவப்பு தெரியாது, புறஊதா தெரியும். நமக்கு முழு மஞ்சளாகத் தோன்றும் கதிர் இதழின் நுனி புறஊதாவைத் திருப்பி அனுப்பும், அடிப்பகுதி உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே தேனீயின் கண்ணுக்கு நடுவில் இலக்கு வட்டம் வரைந்ததுபோல் இருக்கும்.

இரண்டும் ஒன்றுக்காக ஒன்று படைக்கப்பட்டவை, இல்லையா?

கேட்க இனிமையாக இருக்கிறது, உண்மை வேறு. சூரியகாந்தியின் தாயகம் வட அமெரிக்கா. இந்தத் தேனீ ஐரோப்பா, ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியாவுக்கு உரியது. சூரியகாந்தி 16-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குப் போனது. தேனீப்பெட்டிகள் 1622-இல் வர்ஜீனியாவில் இறங்கின. 16-ஆம் நூற்றாண்டுக்கு முன் இவை சந்தித்ததே இல்லை. அந்தப் பூவோடு கூடவே பரிணமித்தவை அதே வட அமெரிக்க நிலத்தின் தனித்தேனீக்கள் (கூட்டமாக அன்றித் தனித்து வாழ்பவை), குறிப்பாக நீண்ட உணர்கொம்புள்ள மெலிசோடிஸ் இனங்கள். நம் தேனீ பல பூக்களிலும் உண்ணும் பொதுத்திறனால் இந்த உறவுக்குள் பின்னால் வந்தது.

ஆழமான சார்பு ஒன்று உண்டு, ஆனால் அது சூரியகாந்தியோடு மட்டும் அல்ல. பூச்சிகளால் கொலஸ்டிரால் போன்ற ஸ்டீரால்களைத் தாமே செய்ய முடியாது. தோலுரிப்பு ஹார்மோனுக்கான மூலப்பொருளைத் தேனீ மகரந்தத்திலிருந்தே பெறுகிறது. தாவரங்களின் வளர்ச்சி ஹார்மோனான பிராசினோஸ்டீராய்டும் அதே அமைப்புக் குடும்பம்.

சூரியகாந்தி மகரந்தம் தேனீக்கு நல்ல உணவா?

அதை மட்டுமே நம்பினால் போதாது. புரதம் குறைவு, தேவையான சில அமினோ அமிலங்களும் குறைவு. ஆனால் பம்பிள் தேனீக்களின் குடல் ஒட்டுண்ணி ஒன்றை இது வெகுவாகக் குறைப்பதாக 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது. கூடு வைத்திருப்பவர்கள் அருகில் வேறு பூக்களும் கிடைக்குமாறு பார்த்துக்கொள்வது நல்லது.

கையில் வைத்துப் பார்க்க என்ன செய்வது?

வேண்டியவை: 10 மடங்கு கைலென்ஸ், 100 முதல் 400 மடங்கு நுண்ணோக்கி, நிறமற்ற நகப்பூச்சு, ஒட்டுநாடா, இடுக்கி, ஊசி, கண்ணாடி வில்லைகள். தேனீயைக் கொல்ல வேண்டாம், உதிர்ந்து கிடப்பதே போதும். செத்த தேனீயின் கொடுக்கும் குத்தும், நஞ்சுப்பை வேலை செய்யும். இடுக்கியால் மட்டுமே எடுங்கள்.

1. காய்ந்த தேனீ தொட்டால் நொறுங்கும். ஈரத்தாள் போட்ட மூடிய டப்பாவில், நீர் படாமல், 12 முதல் 24 மணி நேரம் வையுங்கள். இரண்டு நாளைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும்.
2. பின்னங்காலின் மகரந்தக்கூடை, பின்னிறகின் முன்விளிம்பில் உள்ள கொக்கி வரிசை இரண்டையும் லென்ஸில் பாருங்கள். மார்பு முடி ஒன்றை 100 மடங்கில் வைத்தால் கிளைகிளையாக இருக்கும். மகரந்தம் ஒட்டுவது அதனால்தான்.
3. வயிற்றின் சுவாசத்துளைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிய தகடுகளுக்கு அடியில் மறைந்திருக்கும். இடுப்புக்குச் சற்று முன்னால், பக்கவாட்டில் உள்ள துளையே தெளிவாகத் தெரியும்.
4. இலைத்துளைக்கு, நரம்பு இல்லாத இடமாகப் பார்த்து மெல்லிய ஒரு பூச்சு நகப்பூச்சு தடவி 10 நிமிடம் உலரவிட்டு, ஒட்டுநாடாவால் உரித்து வில்லையில் ஒட்டுங்கள். சூரியகாந்தி இலை சொரசொரப்பான முடி கொண்டது. பூச்சு தடித்தால் முடி சிக்கிக் கிழியும், உலருமுன் உரித்தால் படம் இழுபடும். இளம் இலையில் மீண்டும் முயலுங்கள்.
5. தட்டின் விளிம்பு, நடு, இடைப்பட்ட வட்டம் ஆகிய மூன்றிலிருந்தும் ஒவ்வொரு தட்டுச் சிறுமலரைப் பிடுங்கி வரிசையாக வையுங்கள். மொட்டு, ஆண் நிலை, பெண் நிலை என மூன்றும் ஒரே தட்டில் கிடைக்கும். எல்லாம் மொட்டாகவே இருந்தால் இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள்.

இலைத்துளைகளை எண்ணும்போது ஒரே பார்வைப் புலத்தை நம்பாதீர்கள். ஐந்து இடங்களில் எண்ணிச் சராசரி எடுங்கள். மேற்புறமும் கீழ்ப்புறமும் தனித்தனியாக. வரைபடத்தின் ஓரத்தில் உருப்பெருக்கம் எத்தனை மடங்கு என்று எழுதாவிட்டால், தேனீயின் முடியும் இலையின் முடியும் ஒரே அளவு என்று பார்ப்பவர் நினைத்துவிடுவார்.